டிவியில்தான் கோளாறு

கண்ணுக்கு லேசர் வைக்க டாக்டர் சொன்ன தொகை, அன்றைய நிலவரத்தில் ஒரு மூட்டை சம்பா மிளகாய் வத்தலின் விலை. அந்த ஒரு மூட்டையை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

கோவில்பட்டி மார்க்கெட்டில் எனக்கு வத்தல் கமிஷன் கடை. விளாத்திகுளம், புதூர் பக்கத்துச் சம்சாரிகள் காட்டில் விளைவித்துக் கொண்டுவரும் மூட்டையைப் பிரித்து, ஒரு கை அள்ளி, நிறத்தைப் பார்த்து விலை சொல்வதுதான் பிழைப்பு. இடது கண் சின்ன வயதிலிருந்தே ஒப்புக்குச் சப்பாணி. இருக்கிற ஒரு கண்ணும் போனால் கடையை மூட வேண்டியதுதான். அதனால் வலது கண்ணில் புரை விழுந்ததும் மறுபேச்சில்லாமல் திருநெல்வேலிக்குப் போய் ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்துக்கொண்டேன். பார்வை தெளிந்ததும் பஸ் ஸ்டாண்டில் நின்று, எனக்கு வேண்டாத ஊர்ப் பஸ்களின் போர்டைக்கூட விடாமல் வாசித்தேன்.

இரண்டு வருஷம் நன்றாக ஓடியது. பிறகு மறுபடியும் புகை மூட்டம். டாக்டர் பார்த்துவிட்டு, "லென்சுக்குப் பின்னால இருக்கிற சவ்வு மங்கிட்டு. நெறைய பேருக்கு வாறதுதான். லேசர் வச்சு அதுல சின்னதா ஒரு தொறப்பு போட்டாச் சரியாப் போகும். அஞ்சு நிமிஷ வேலை" என்றார். கூடவே தொகையையும் சொன்னார்.

"அஞ்சு நிமிஷத்துக்கா சார்? மிக்சிக்கே ரெண்டு வருஷம் கேரண்டி குடுக்கான். நீங்க வச்ச லென்சுக்கு ஒண்ணும் கெடையாதா?"

"லென்ஸ் நல்லாத்தான் இருக்கு. மங்குனது ஒங்க சவ்வு."

யோசித்துச் சொல்கிறேன் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். சொன்ன விலைக்கு உடனே தலையாட்டுகிறவன் ஏமாளி என்பது வியாபாரத்தில் நான் படித்த முதல் பாடம். நாலு மாதம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருந்தால், விற்காத சரக்கு வைத்திருப்பவன் இறங்கி வருவதுபோல் டாக்டரும் விலையில் இறங்கி வருவார் என்று காத்திருந்தேன். அவர் பாட்டுக்கு அவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காத்திருந்தது நான் மட்டும்தான்.

இதற்கிடையில் ஒரு நாள் சாயங்காலம் செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் அரிசி களைந்த கழனித் தண்ணீருக்குள் இருப்பதுபோல் தெரிந்தது. "என்ன, டிவி மங்கலா இருக்கு?" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரி, "ஆமா, எனக்கும் மங்கலாத்தான் தெரியுது" என்றாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கோளாறு என் கண்ணில் என்றால் அவளுக்கு எப்படி மங்கும்? அந்த டாக்டர் என்னை மொட்டையடிக்கத்தான் பார்த்திருக்கிறார். மறுநாளே டிவி மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். அவன் முன்னாலும் பின்னாலும் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, படம் பளிச்சுனுல்லா இருக்கு" என்றான்.

"ஏலே, வீட்டுல ரெண்டு பேரு மங்கலா இருக்குங்கோம். நீ ஒருத்தன் வந்து பளிச்சுங்கே."

அவன் எதையோ திருகிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போனான். மங்கல் போகவில்லை. பழைய டிவியைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கினேன். அதுவும் மங்கல். கரண்டில் அழுத்தம் இல்லை என்று ஒரு ஸ்டெபிலைசர். வீட்டில் வெளிச்சம் போதவில்லை என்று எல்லா ட்யூப் லைட்டையும் மாற்றினேன், சுவருக்கு வெள்ளை அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் அவளைக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் "இன்னும் மங்கலாத்தான் இருக்கு" என்றாள். சோற்றில் அடிக்கடி கல் கடிபட்டது. அதற்கு அரிசிக் கடைக்காரனைத் திட்டினேன். செலவு லேசர் தொகையை எப்போதோ தாண்டிப் போயிருந்தது, கூட்டிப் பார்க்க எனக்குத்தான் துணிச்சல் இல்லை.

கடையிலோ என் மதிப்பு திடீரென்று உயர்ந்தது. வேறு கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்த சம்சாரிகள்கூட "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று என்னைத் தேடி வந்தார்கள். நாணயத்துக்குக் கிடைத்த மரியாதை என்று பூரித்துப்போனேன். விருதுநகர் வியாபாரி ஒருவர் நான் அனுப்பிய மூட்டைகளைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் சங்கதி தெரிந்தது. "பூராவும் வெளுத்த வத்தல். கண்ண மூடிக்கிட்டா எடுத்தீங்க?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் திருநெல்வேலிக்கு ஓடினேன். டாக்டர் விலை இறங்கவில்லை, கொஞ்சம் ஏறியிருந்தது. வாயை மூடிக்கொண்டு கட்டினேன். மிஷினில் முகவாயை வைக்கச் சொன்னார்கள், டக் டக்கென்று சத்தம் கேட்டது, எழுந்திருங்கள் என்றார்கள். சொட்டு மருந்து விட்டதில் அன்றைக்குக் கண் கூசியது. கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

காலையில் விழித்தால், காலண்டரில் ராகு காலம் படுத்த இடத்திலிருந்தே தெரிந்தது. அவள் காப்பி கொண்டுவந்தாள். வாசல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. வலது கண்ணின் கருமணிக்குள் அரிசி மாவை அப்பியதுபோல் வெள்ளையாக இருந்தது. மற்றதிலும் சாம்பல் பூத்திருந்தது. காப்பியை வாங்கிக் கீழே வைத்தேன்.

"ஏட்டி, இங்கன வா." அவளுடைய இடது கண்ணைக் கையால் பொத்தினேன். "இப்ப என்ன தெரியுது?"

"வெளிச்சம் தெரியுது."

"நான் தெரியலையா?"

"நீங்க இருக்கியன்னு தெரியுது."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"சொல்லிக்கிட்டுத்தான இருந்தேன். மங்கலாத் தெரியுது, மங்கலாத் தெரியுதுன்னு. நீங்கதான் டிவியில கோளாறுன்னிய. நானும் டிவியிலதான்னு நெனச்சேன்."

அவள் குத்திக்காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவள் தன் கண்ணைப் பற்றிச் சொன்னதையெல்லாம், டாக்டரிடம் நான் ஜெயிப்பதற்கு ஆதாரமாகவே வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று கடை திறக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். என்னை நன்றாக ஞாபகம் வைத்திருந்தார் போல, தொகையைச் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அவள் என் முழங்கையைத் தடவிக் கண்டுபிடித்து இழுத்தாள். "கூடச் சொல்லுதாவ. கொஞ்சம் கொறைச்சுக் கேளுங்க" என்றாள் காதோரம்.

நான் கேட்கவில்லை.