சௌந்தரம் வேலைக்குச் சேர்ந்த தேதி

"சேர்ந்த தேதி என்னக்கா?" என்று கேட்டாள் அனுப்பிரியா.

"எதைச் சொல்றது? நான் வந்த தேதியா, நீங்க எழுதப்போற தேதியா?" என்றாள் சௌந்தரம்.

அலுவலக எழுத்தர் அனுப்பிரியா பாரத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அலுவலகச் சன்னலுக்கு வெளியே, விரல்களில் காய்ந்திருந்த பசையைக் கம்பியில் தேய்த்தபடி சௌந்தரம் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் பசைப் பிரிவுப் பெண்கள் பதினொரு பேர். பன்னிரண்டு பேருக்கும் 2010 ஜூன் முதல் தேதி என்றே எழுதச் சொல்லியிருந்தார் மேலாளர் ஞானசேகரன். அதைத்தான் எழுதப்போகிறேன் என்று அனுப்பிரியா மெல்லச் சொன்னாள்.

"அப்ப அஞ்சு வருசமா இங்க பெட்டி ஒட்டினது பேயா?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தேதி எதுவாக இருந்தால் என்ன, ஈ.எஸ்.ஐ. கார்டு கிடைத்தால் போதாதா என்று கேட்டாள் அனுப்பிரியா.

"கார்டை வெச்சி நான் என்னா பண்ணப்போறேன், விசிறிக்கவா? எங்க வூட்டுக்காரருக்கு ஆபரேசன் ஆவணும் பாப்பா. நீ ஜூன்னு எழுதினா அவரு அடுத்த ஜூன் வரைக்கும் இருக்கணும். இருக்க மாட்டாருன்னு டாக்டர் சொல்றாரு."

அனுப்பிரியா பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

சௌந்தரத்தின் கணவர் வைத்திலிங்கம் நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுபவர். அந்த ஆண்டு கரும்பு வெட்டு முடியும்போது நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. சிதம்பரத்தில் காட்டியபோது இதய வால்வை மாற்ற வேண்டும், பொங்கலுக்கு மேல் தள்ளக்கூடாது என்றார்கள். ஈ.எஸ்.ஐ. காப்பீட்டின் வழியாகச் சென்னையில் செலவில்லாமல் செய்துகொள்ளலாம். ஆனால் குடும்பத்தாருக்கு அவ்வளவு பெரிய அறுவை சிகிச்சை என்றால், தொழிலாளி ஓராண்டாவது பதிவில் இருந்திருக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. மருந்தக வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் விசாரித்து இதைத் தெரிந்துகொண்டுதான் சௌந்தரம் சன்னலுக்கு வந்திருந்தாள்.

இவ்வளவு காலம் பதிவாகாமல் போனதில் பாதிப் பங்கு தன்னுடையதுதான் என்று அவளே ஒப்புக்கொள்வாள். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் இருந்தது அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனி. பண்ருட்டி முந்திரி அதன் பெட்டிகளில்தான் வெளிநாடு போனது. ஈ.எஸ்.ஐ. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்தால் சூப்பர்வைசர் கொளஞ்சியப்பன் ஓடிவந்து கையைத் தட்டுவார். பதிவில் இல்லாத பெண்கள் பின்வாசல் வழியாகச் சவுக்குத் தோப்புக்குப் போய்விட வேண்டும். அவர்களுக்கு அது அரை நாள் விடுமுறை. கம்பெனி செலவில் டீ, ஒருத்தி தலையை ஒருத்தி பின்னிவிடுவது, ஊர் வம்பு. கூட்டிப் போவது சௌந்தரம். கார்டு நோயாளிகளுக்கு, நமக்கு எதற்கு, சம்பளத்தில் பிடிப்பதுதான் மிச்சம் என்று மற்றவர்களுக்கும் அவளே சொல்லியிருக்கிறாள். ஒருமுறை இன்ஸ்பெக்டர் உள்ளே இருந்த ஆட்களைவிட டிபன் கேரியர்கள் அதிகமாக இருக்கின்றனவே என்று கேட்டுவிட்டார். அடுத்த முறை கேரியர்களையும் தோப்புக்குத் தூக்கிக்கொண்டு போக வைத்தாள். அவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் தன் தடத்தை அழித்திருந்தாள்.

இப்போது வெளிநாட்டு வாடிக்கையாளர் எல்லாத் தொழிலாளருக்கும் காப்பீடு இருக்க வேண்டும் என்று கேட்டதால் பதிவுப் பாரங்கள் வந்திருந்தன. பழைய தேதியைப் போட்டால் பழைய ஆண்டுகளின் பங்கையும் கம்பெனியே கட்ட வேண்டும். ஞானசேகரன் மசியவில்லை.

அன்று மாலை சௌந்தரம் அவர் அறைக்கே போனாள். பாரங்களோடு அனுப்பிரியாவும் நின்றாள். ஞானசேகரன் கோபப்படவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் எங்கேயும் இல்லை, ஒரு சம்பளச் சீட்டுக்கூட இல்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"ஒரே ஒரு ரெக்கார்டு கொண்டா. உடனே எழுதித் தர்றேன்."

இல்லை என்று தெரிந்துதான் சொன்னார். வாயாடி என்று பெயரெடுத்த சௌந்தரம் அழக்கூடாது என்று பார்வையை மேலே திருப்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"சார், கொஞ்சம் தலையைக் குனிங்க."

"என்னா?"

"மறைக்கிறீங்க சார்."

அவர் தலைக்குப் பின்னால் சுவரில் வரிசையாகச் சட்டம் போட்ட படங்கள். ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் இயந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்த கையோடு எல்லாரையும் நிற்க வைத்து எடுத்த படங்கள். முன்னால் ஒரு பலகையில் சுண்ணக்கட்டியால் ஆண்டு எழுதியிருக்கும். பூசையன்று எந்த இன்ஸ்பெக்டரும் வருவதில்லை. அதனால் அன்று மட்டும் யாரும் தோப்புக்குப் போனதில்லை. 2005இல் பொரித் தட்டோடு சௌந்தரம். 2006இல் தரையில் சம்மணமிட்டு சௌந்தரம். 2007இல் மேலாளருக்குப் பக்கத்திலேயே, அவரைவிட அரை அடி முன்னால், சௌந்தரம். அடுத்த இரண்டு படங்களிலும் அவள் இல்லாமல் இல்லை.

ஞானசேகரன் திரும்பிப் பார்த்தார். போட்டோவெல்லாம் ரெக்கார்டு ஆகாது என்றார், முன்பிருந்த குரலில் அல்ல.

அனுப்பிரியா அந்த அறையில் அதுவரை கேட்டதற்கு மட்டுமே பதில் சொன்னவள். பாரங்களை மேசைமேல் வைத்தாள்.

"ரெக்கார்டு இருந்தா எழுதித் தர்றேன்னு சொன்னீங்க சார்."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், ஈ.எஸ்.ஐ. அலுவலகம் இதை ஏற்றுக்கொண்டால் தானும் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். ஏற்க மாட்டார்கள் என்று நம்பியிருக்க வேண்டும்.

மறுநாள் சௌந்தரமும் அனுப்பிரியாவும் ஐந்து படங்களையும் கம்பெனிப் பெட்டி ஒன்றிலேயே அடுக்கிக் கட்டி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு ஈ.எஸ்.ஐ. அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே அதிகாரி திருநாவுக்கரசு படங்களை மேசையில் வரிசையாகப் பரப்பி, சௌந்தரத்தை வெளிச்சத்தில் நிற்கச் சொல்லி ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டார். இத்தனை ஆண்டும் சோதனையின்போது எங்கே இருந்தாய் என்று கேட்டார்.

"சவுக்குத் தோப்புல சார்."

"எல்லாருமா?"

"எல்லாரும். டிபன் கேரியரோட."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் கேரியரை எண்ணிப் பார்த்தவன் நான்தாம்மா. மறுவாட்டி வந்து பார்த்தா கூடுதலா ஒண்ணுகூட இல்ல. நம்ம கண்ணுதான் கோளாறுன்னு நெனைச்சேன்."

சௌந்தரம் முதலில் தலைகுனிந்தாள். பிறகு அவள் சிரிக்க, அவரும் சிரித்துவிட்டார். அவள் வாக்குமூலத்தை அனுப்பிரியா தமிழில் எழுதினாள். கம்பெனி சார்பில் தர வேண்டிய கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதினாள். இரண்டிலும் ஒரே தேதி இருந்தது. முதல் படம் எடுத்த நாளையே சேர்ந்த நாளாகக் கொள்ள வேண்டும் என்ற உத்தரவு மூன்றாம் வாரம் வந்தது. ஞானசேகரன் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

நவம்பரில் சென்னையில் வைத்திலிங்கத்துக்குப் புது வால்வு வைத்தார்கள். பொங்கலுக்கு அவர் தன் காலால் நடந்து போய்க் கரும்பு வாங்கி வந்தார். இதைச் சௌந்தரம் பசைப் பிரிவில் நாளொன்றுக்கு நாலு தடவையாவது சொன்னாள். அதற்கடுத்த ஆண்டு வெட்டுக்கு டிராக்டரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வேண்டாம் என்று அவள் திட்டிய திட்டில், டிராக்டர் சத்தமே தேவலாம் என்று சொல்லிக்கொண்டு போனாராம். பசைப் பிரிவில் பன்னிரண்டு பேருக்கும் இன்று உண்மையான தேதியோடு கார்டு இருக்கிறது.

அது தானாக நடக்கவில்லை. சென்னைக்குக் கிளம்பிய அன்று காலை, கணவரைப் பேருந்து நிறுத்தத்து நிழலில் உட்கார வைத்துவிட்டு சௌந்தரம் கம்பெனிக்கு ஓடிவந்தாள். சன்னலுக்குப் போகவில்லை. நேராக உள்ளே வந்து அனுப்பிரியாவின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"பாப்பா, மீதி பதினோரு பேரும் இந்தச் சன்னலுக்கு வந்தா பயத்துல ஜூன்னுதான் சொல்லுவாளுவ. நீ பாரத்த எடுத்துகிட்டு பசைப் பிரிவுக்கு வா. அவளுவ பக்கத்துல கீழ உக்காந்து, ஒவ்வொருத்தியையும் எப்ப வந்தேன்னு கேளு. சொல்றத அப்பிடியே எழுது. சாட்சிக்கு அந்தப் படத்துல அவளுவளும் இருக்காளுவ."