பிள்ளைக்காம்பராவில் புஷ்பராணி எழும்பி நின்ற கதை

புளத்கொகுபிட்டியப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டிஸ்பென்சரி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதில் என் பிழையும் இருக்கிறது.

இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்த ஒரு காலையில், ரப்பர் பால்வெட்டும் புஷ்பராணியை நாலு பேர் கம்பளியில் வைத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கி வந்தார்கள். வயது நாற்பத்தாறு. இரண்டு வாளி பாலோடு சரிவில் வழுக்கி, இடுப்பு கல்லில் அடிபட விழுந்திருந்தார். டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், அங்கே எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. உடற்பயிற்சி கிளினிக்குக்கு வரவும் என்று துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பினார்கள்.

தினமும் மலை ஏறி இறங்குகிறவருக்கு என்ன உடற்பயிற்சி என்று நினைத்தேன். "ஆறு கிழமைக்கு, ஒன்றரை மாசத்துக்கு எழும்பக் கூடாதும்மா. கட்டிலோட கெடங்க" என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் கிழமை அவர் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் போனபோது அவரால் உட்காரவே முடியவில்லை. கால் மெலிந்திருந்தது.

"ஐயா, இப்பிடியே படுத்த படுக்கையாப் போயிருவேனோ?"

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அடுத்த நாளே அவருடைய புருஷனின் த்ரீவீலில் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அங்கே பிசியோதெரபி மிஸ் ஒரு சிங்களப் பிள்ளை. சோதித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாள் யார் படுக்கச் சொன்னது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

புஷ்பராணி என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லல மிஸ். நானாத்தான் படுத்துட்டேன்" என்று அவரும் சிங்களத்திலேயே சொன்னார்.

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

மிஸ் ஏசவில்லை. இன்னொரு பாயை விரித்தார். "அப்ப நீங்களும் பழகிக்கங்க. தோட்டத்துல இவங்களப் பார்த்துக்க ஆள் வேணும்."

அந்த வயதில் நானும் மல்லாந்து படுத்தேன். முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்க வேண்டும். பிறகு தவழ்கிற மாதிரி இருந்து, ஒரு கையையும் எதிர்ப் பக்கத்துக் காலையும் நீட்ட வேண்டும். பிறகு நடை. எனக்கே மூச்சு வாங்கியது.

லயத்து வீட்டில் பாய் விரிக்க இடமில்லை. அதனால் தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில், பிள்ளைகள் வருவதற்கு முன்னால் புஷ்பராணி பயிற்சி செய்தார். புருஷன் கைத்தாங்கலாகக் கூட்டி வருவார். முதல் கிழமை இடுப்பு ஒரு விரல் அளவுகூட எழும்பவில்லை. அழுதுகொண்டே செய்தார். மிஸ் எண்ணிய மாதிரியே "எக்காய், தெக்காய், துனாய்" என்று எண்ணுவார்.

"ஏம்மா, தமிழ்ல எண்ணக் கூடாதா?"

"சிங்களத்துல எண்ணுனா வலி கொஞ்சம் கொறையுதுங்க ஐயா."

அழுகைக்கு நடுவே சிரித்தார். வாசலில் நின்று, "இடுப்பு ஒடிஞ்சவ டான்ஸ் பழகுறா" என்று கேலி பண்ணினவர்களும் இருந்தார்கள். அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மழையோ காய்ச்சலோ, ஒரு நாளும் விடவில்லை. இரண்டாம் மாதம் தனியாக நடந்து வந்தார். நாலாம் மாதம் வேலை கேட்டுத் தோட்டத்து ஒஃபிசுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

தோட்டத்து மேனேஜர் தொரை யோசித்தார். "திரும்ப விழுந்தா?"

புஷ்பராணி மூலையில் இருந்த தண்ணீர் வாளியிடம் போனார். முதுகை வளைக்கவில்லை. முழங்காலை மடக்கிக் குந்தி, வாளியை உடம்போடு அணைத்து எழும்பி நின்றார்.

"இப்பிடித்தாங்க தூக்குவேன். ஒரு நேரத்துக்கு ஒரு வாளி, அதுவும் பாதிதான். பாதை நல்லா இருக்கற மலையில மரம் குடுங்க."

மூன்றையும் அவரே யோசித்து வைத்திருந்தார். தொரை என்னைப் பார்த்தார். வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு முதுகுவலி என்று யார் வந்தாலும், கால் மரத்திருக்கிறதா, சிறுநீர் போகிறதா என்று முதலில் கேட்பேன். அதில் கோளாறு என்றால் உடனே ஆஸ்பத்திரி. இல்லாவிட்டாலும் கிளினிக்குக்குத் துண்டு எழுதிக் கொடுப்பேன், போனார்களா என்று விசாரிப்பேன். படுத்துக் கிடங்க என்று மட்டும் சொல்வதில்லை. அதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது. அதைச் சரிப்படுத்த அந்த மனுஷி மூன்று மாதத்துக்கு மேல், ஒவ்வொரு நாள் காலையிலும் தரையில் கிடந்து பாடுபட்டார்.