ஐம்பத்திரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு முறை

இது நடந்து சரியாக முப்பத்தொரு மணி நேரம் ஆகிறது. இரவில் நடக்கவில்லை. பட்டப்பகல். கதை கட்டும் சாமர்த்தியம் எனக்கு இல்லை, பார்த்ததை எழுதுகிறேன்.

உப்புப் பை அச்சிடும் இடத்தில் தரம் பார்க்கிறேன். ஃபிளெக்ஸோ மெஷின். ரப்பர் போல வளையும் பிளேட்டில் எழுத்து புடைத்திருக்கும். அதை ஓர் உருளையில் சுற்றி ஒட்டுவோம். பொடிக் குழிகள் கொண்ட இன்னோர் உருளை அதற்கு மை தரும். மூன்றாவது, அழுத்தும் உருளை. பிளாஸ்டிக் ஃபிலிமை அது பிளேட்டின் மேல் பட்டும் படாமலும் வைக்கும். ஆயிரம் பைக்கு இந்த மெஷின் வேண்டாம். நிறம் சேர்வதற்குள் அவ்வளவு ஃபிலிமும் வீணாகிவிடும். ஒரே படம், லட்சக்கணக்கில் என்றால் இதுதான்.

மதியம் 2.10. நீல மைக்கு நடுவே வெள்ளைத் திட்டு. ஒரு விரல் அகலம்.

"அண்ணே, மை பிடிக்கல."

"வாயத் திறந்துட்டியே சயின்ஸு! இன்னிக்கு மழைதான்," என்றார் மெஷின் ஓட்டும் அண்ணன். அதிகம் பேசாமல் எதையும் அளந்து பார்ப்பதால் அவர் எனக்கு வைத்த பெயர் அது.

உருளையில் குறை இருந்தால் அது ஒரு சுற்றுக்கு ஒருமுறை ஃபிலிமில் விழும். இடைவெளியை அளந்தால் எந்த உருளை என்று தெரிந்துவிடும். பிளேட் உருளையின் சுற்றளவு நாற்பது சென்டிமீட்டர். மை உருளை முப்பத்தாறு. அழுத்தும் உருளை நாற்பத்தைந்து.

ஓடும் ஃபிலிமைக் காட்டும் கேமராத் திரையில் அளந்தேன். ஐம்பத்திரண்டு.

மறுபடியும் அளந்தேன். ஐம்பத்திரண்டு.

அந்த அளவில் இங்கே உருளையே கிடையாது.

2.17. இரண்டு விரல். 2.19. நான்கு. பிறகு... உள்ளங்கை.

விரித்த இடது கை. சுண்டுவிரல் மட்டும் உள்ளே வளைந்திருந்தது.

பயம் வரவில்லை. எதுவும் வரவில்லை.

"பிளேட்ல தூசி. துடைச்சா போயிடும்," என்றார் அண்ணன்.

வேகத்தைக் குறைத்தார். நிறுத்தவில்லை. நிறுத்தினால் குழிகளில் மை காய்ந்துவிடும். அதனால் இங்கே எல்லோரும் ஓடும்போதே துடைப்பார்கள். உருளை துணியை இழுத்தால் கையையும் சேர்த்து இழுக்கும். அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

மூடியைத் திறந்தார். துணியை நீட்டினார்.

டக்... டக்... டக்...

ஒவ்வொரு கையாக வெளியே வந்துகொண்டிருந்தது.

சிவப்புப் பொத்தானை அடித்தேன்.

துணி உருளைகளுக்கு நடுவே பாதி போயிருந்தது. அவர் கை வெளியே இருந்தது.

"மை காஞ்சிடுமேம்மா! ஏன் நிறுத்தினே?"

"அளந்து பாருங்க."

அளந்தார். மை டப்பா மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இந்த அளவு ரோலர்... முன்னாடி இருந்துச்சு. நான் வர்றதுக்கு முன்ன. ஓடுறப்பவே துடைக்கப் போன ஒரு பொண்ணு... பொழைக்கல. அப்புறம்தான் அதக் கழட்டிட்டு வேற அழுத்துற ரோலர் போட்டாங்களாம்."

அவர் விரல் ஃபிலிமில் நின்றது.

"இந்தச் சுண்டுவிரல் ஏன் இப்படி இருக்கு?"

"சின்ன வயசுல கதவிடுக்குல மாட்டிக்கிச்சு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

வேலைக்குச் சேர்ந்தபோது யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"அது என் அக்கா கை."