தலைப்பு வெட்டுப்பட்ட நான்கு வரிகள்

என் அத்தை குக்கர் பழுதுபார்க்கிறவள். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் முக்கோண அறைதான் கடை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். அதனால் யார் வந்தாலும் அவள் முன்னால் குனிந்தே நிற்க வேண்டும். அது அவளுக்குப் பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன்.

அதற்கு முன் ஒரு குக்கர் தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில் இருந்தாள். மூடியைப் பூட்டி, ஆவி ஏற்றி, எங்கே கசிகிறது என்று பார்க்கும் வேலை. அந்தச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசியே குரல் தடித்துவிட்டது. தொழிற்சாலையை இழுத்து மூடிய பிறகு இங்கே வந்து உட்கார்ந்தாள். தெருவில் அவளுக்கு ‘விசில்’ என்று பெயர். முகத்துக்கு நேராக ‘விசிலம்மா’.

அவள் வாய் தனி ரகம். ‘செய்யாதே’ என்று சொல்லவே மாட்டாள். ‘செய், நல்லா செய்’ என்பாள். அழுக்கேறிய கேஸ்கட்டோடு வந்த ஒருவரிடம், “அப்படியே வச்சிருங்க சார். இன்னும் ஒரு மாசம் போனா அதுலயே கீரை முளைக்கும். கடைக்குப் போற வேலை மிச்சம்” என்றாள். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே தன் பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்துவந்தார், அவரும் திட்டு வாங்கட்டும் என்று.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். இணையத்தில் யாராவது எதையாவது தேடினால், முடிவுகளில் எங்கள் வாடிக்கையாளர்களின் பக்கம் மேலே வரும்படி செய்வது என் வேலை. அப்பாவிடம் யாராவது விசாரித்தால், “கம்ப்யூட்டர்ல எதையோ மேல ஏத்துறா” என்பார். அதைவிடச் சரியாக எனக்கும் சொல்லத் தெரியாது.

அத்தைக்கும் ஒரு பக்கம் செய்து கொடுத்தேன். அவள் ஸ்குரூவைத் திருகிக்கொண்டே சொல்ல, நான் எழுத்துத் தமிழாக்கித் தட்டினேன். தலைப்பும் அவளுடையதுதான்: ‘குக்கரையும் கையையும் ஒரே நாளில் ஒழித்துக்கட்ட ஐந்து வழிகள்’. கீழே வரிகள். உள்ளே ஆவி இருக்கும்போதே வெயிட்டைக் கரண்டியால் நெம்புங்கள். மூடி வராவிட்டால் சுத்தியலால் தட்டுங்கள். அப்படியும் வராவிட்டால் இன்னும் கொஞ்சம் தீ வையுங்கள். முழு பலத்தோடு மூடியைத் திருகுங்கள். ஐந்தாவது: இத்தனைக்குப் பிறகும் கை மிச்சமிருந்தால் கடைக்கு வாருங்கள்.

படித்தவர்கள் சிரித்தார்கள், பகிர்ந்தார்கள். சில மாதங்களில், ‘குக்கர் மூடி திறக்கவில்லை’ என்று தேடினால் முடிவுகளுக்கு மேலே வரும் பதில் பெட்டியில் அத்தையின் பக்கம் ஏறிவிட்டது. அந்த இடத்துக்காக எங்கள் அலுவலகத்தில் அடித்துக்கொள்வோம். சும்மா வந்து விழுந்திருக்கிறதே என்று மகிழ்ந்தேன். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று முழுதாகப் படிக்கவில்லை. எந்தக் கடையின் பெட்டியையும் நாங்கள் அப்படிப் படிப்பதில்லை. இடம் கிடைத்ததா என்று மட்டும்தான் பார்ப்போம்.

ஒரு சனிக்கிழமை நான் கடையில் இருந்தபோது தையல்காரர் ஒருவர் வந்தார். வலது கை முழங்கைவரை கட்டு. இடது கையில் போன். அதை அத்தையின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இது உங்க கடைதானே?”

“ஆமா.”

“நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன். கரண்டியால நெம்பினேன். இனி ஒரு மாசத்துக்குக் கத்திரி பிடிக்க முடியாதாம்.”

நான் எட்டிப் பார்த்தேன். பெட்டியில் தலைப்பு இல்லை. அந்த இடத்தில் ‘குக்கர் மூடி திறக்காதபோது செய்ய வேண்டியவை’ என்று இயந்திரம் தானே எழுதிக்கொண்டிருந்தது. கீழே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என அத்தையின் வரிகள். ஐந்தாவதுக்கு இடம் போதவில்லை. அடியில் அவள் கடையின் பெயர் மட்டும் பளிச்சென்று இருந்தது.

அத்தை அவர் கையிலிருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரர் போன பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“யாருடி தலையை வெட்டினது?”

“யாரும் வெட்டல அத்தை. அதுவா எடுத்துக்குது.”

“அதுவான்னா எது?”

விளக்கினேன். தேடல் பக்கத்தில் முதலில் நிற்பவை விளம்பரங்கள். காசு கொடுத்து வாங்கிய இடம். அடுத்தது இந்தப் பெட்டி. யாரோ எழுதிய பக்கத்திலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி, பதில் என்று போடுவது. அதன் கீழே ‘மற்றவர்கள் கேட்பவை’. பிறகு வரைபடத்தோடு கடைகளும் அவற்றின் நட்சத்திரங்களும். உண்மையான பக்கங்கள் அதற்கும் கீழே. அவ்வளவு தூரம் பாதிப் பேர் இறங்குவதே இல்லை.

“அப்போ நான் சொன்னதைப் படிக்க யாரும் என்கிட்ட வர வேண்டாம். அவனே கிள்ளிக் கொடுத்துடுவான்.”

“ஆமா.”

“கிள்ளினவன் பேரு எங்க இருக்கு?”

இல்லை. வெந்த கைக்குப் பொறுப்பு என்று அங்கே எழுதியிருந்தது அத்தையின் பெயர் மட்டும்தான்.

பெட்டிக்குக் கீழே, கண்ணில் படாத சாம்பல் நிற எழுத்தில் ‘கருத்து தெரிவிக்க’ என்று இருந்தது. ‘இதைச் செய்தால் கை வெந்துவிடும், உடனே நீக்கவும்’ என்று எழுதி அனுப்பினேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று வந்தது. ஒருவருக்குச் சோறு போடும் கை வெந்திருக்கிறது. பேசுவதற்கு ஒரு மனிதர் இல்லை, ஒரு தொலைபேசி எண் இல்லை. இருப்பது ஒரு நன்றி.

தையல்காரர் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதைப் பார்த்து, அத்தையின் கடை வாசலையே மிதிக்காதவர்கள் இன்னும் சிலர் போட்டார்கள். புதிய ஆட்கள் வருவது நின்றது. மேல்மாடிக்காரி படியிறங்கும்போது, “என்ன விசிலம்மா, கையைச் சுட வச்சிட்டியாமே” என்று கேட்டுவிட்டுப் போனாள். இத்தனை வருடம் கசிவு பார்த்தவளிடம் கேட்கிற கேள்வியா அது?

பக்கத்தையே அழித்துவிடலாம் என்றேன். அத்தை ஒப்பவில்லை. “நான் சொன்னதுல என்ன தப்பு? முழுசாப் படிச்ச ஒருத்தனுக்காவது சுட்டுச்சா?” என்றாள். வேறு வழியில்லாமல் கடைசியில் மாற்றி எழுத உட்கார்ந்தோம். எந்த இடத்தில் வெட்டினாலும் பொருள் மாறாதபடி, ஒவ்வொரு வரியும் ‘கூடாது’ என்று முடிய வேண்டும். ஆவி இருக்கும்போது வெயிட்டைத் தொடக் கூடாது. சுத்தியலால் தட்டக் கூடாது. சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

“மருந்துச் சீட்டு மாதிரி இருக்கே. இது நான் பேசுறதா?”

எனக்கும் அதே கேள்விதான். ஓர் இயந்திரத்துக்குக் கிண்டல் புரியாது என்பதற்காக மனுஷி தன் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டுமா? அப்படி மாற்றவைப்பதுதான் என் படிப்பா? ஆனாலும் தட்டினேன்.

பெட்டியிலிருந்து அத்தையின் பெயர் போயிற்று. நிம்மதியோடு திறந்து பார்த்தால், அதே நான்கு வரிகள் அங்கே அப்படியே நின்றன. பாத்திரம் விற்கும் எவனோ அத்தையின் பழைய வரிகளை, தலைப்பை விட்டுவிட்டு, தன் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தான். பெட்டி இப்போது அவனிடமிருந்து கிள்ளியிருந்தது.

அத்தையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “உங்க பேரு இப்ப அதுல இல்ல அத்தை. இனி யாரும் உங்களைக் கேக்க மாட்டாங்க.”

“கை வேகுமா, வேகாதா?”

“வேகும்.”

“அப்புறம் என் பேரு இல்லாம என்ன வாழுது?” கையிலிருந்த மூடியைக் கீழே வைத்தாள். “அந்த இடம் எனக்குத் திரும்ப வேணும். கூடாது கூடாதுன்னு எழுதினோமே, அது அங்க வரணும். நீ அந்த வேலைக்குத்தானே போற?”

அதற்கு உறுதி சொல்ல என்னால் முடியாது. யாராலும் முடியாது. முடிந்தது ஒன்றுதான்: அந்தச் சாம்பல் எழுத்தை நிறையப் பேர் அமுக்குவது. அப்படி அமுக்கினாலும் யாராவது பார்ப்பார்களா என்று தெரியாது என்பதையும் சொன்னேன்.

மறுநாளிலிருந்து அத்தை குக்கரைப் பழுதுபார்த்துத் துடைத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். கேட்டால் கொடுப்பதில்லை.

“போனை எடுங்க. குக்கர் மூடி திறக்கலன்னு தேடுங்க. பெட்டி வருதா? அதுக்குக் கீழே கருத்துன்னு இருக்கும், அதை அமுக்குங்க. தப்புன்னு எழுதுங்க.”

நேற்று ஓர் ஆசிரியர் குனிந்தபடியே கேட்டார். “இதை அமுக்கினா என்னம்மா ஆகும்?”

“தெரியாது சார்” என்றாள் அத்தை. “நீங்க அமுக்குற வரைக்கும் குக்கர் இங்கதான் இருக்கும்.”

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.