கரண்ட் போனபோது வாசித்தது

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் சங்கீதத்தைப் பற்றி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சிலோனிலிருந்து திரும்பிய எங்கள் ஆட்களின் ராக் பேண்ட், பாட்டின் நடுவே அந்த நேரத்தில் தோன்றுவதைத்தான் வாசிக்கும் என்று தேயிலை ஃபேக்டரி முழுக்கச் சொல்லியிருந்தேன். ஆனால் பிக்கட்டிக் கச்சேரியில் கிடார்க்காரர் தடுமாறிச் சிரித்த, பாட்டின் அதே இடத்தில் மஞ்சூர்க் கச்சேரியிலும் தடுமாறிச் சிரித்தார்.

"ஏனுங்க, சிரிப்பையுமா ஒத்திகை பாப்பாங்க?" என்று கூட வந்த ஃபேக்டரி நண்பர் குத்தினார்.

அப்போது கரண்ட் போய்க் கிடார் ஊமையானது. கிடார்க்காரர் அதன் கட்டையைத் தட்டித் தாளம் போட்டார். டிரம்ஸ்காரர் ஒரு கணம் விழித்துவிட்டுப் பின்தொடர்ந்தார். நான் எங்கும் கேட்டிராத தாளம், கண் கலங்கிவிட்டது.

"மெயினை ஆஃப் பண்ண ஆள் வெச்சிருப்பாங்க, பாருங்க," என்றார் நண்பர். எனக்கும் அந்தச் சந்தேகம்தான்.

மறுநாள் ஃபேக்டரி ஓடவில்லை. முந்தின நாள் கச்சேரி நேரத்திலேயே மஞ்சூர் ரோட்டில் மரம் விழுந்து கரண்ட் கம்பி அறுந்திருந்தது.