ராயபுரத்தில் அரைக் கட்டை இறங்கிய வயலின்

காலை 9.40. வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலையத்தின் படியேறி வெளியே வந்தபோது, முதல் அடியையே யாரோ இறக்கி வைத்திருந்த நைட்டி மூட்டையைத் தாண்டித்தான் வைக்க வேண்டியிருந்தது. அங்கிருந்து ராயபுரம் ஒன்றரைக் கிலோமீட்டர். ஆட்டோக்காரர் எண்பது கேட்டு அறுபதுக்கு இறங்கினார்.

"ஃபிடிலு செய்றாரே, பெலிக்ஸண்ணன், அவுரு வூடா? ஏறு சார். அவுரு வாசிச்சா எங்க தெருவுல டிவி சவுண்ட கம்மி பண்ணிடுவோம்."

அவர் செய்த வயலினைப் பார்க்கவென்றே பாளையங்கோட்டையிலிருந்து இரவெல்லாம் ரயிலில் வந்த அலுப்பு அதைக் கேட்டதும் பாதி போயிற்று. நானும் எங்கள் ஊர்க் கோயிலில் முப்பது வருடமாக வயலின் வாசிக்கிறேன். யாரும் எதையும் குறைத்ததில்லை.

10.15. பெலிக்ஸுக்கு ஐம்பது வயது இருக்கும். திருவொற்றியூர் வார்ப்பு ஆலை ஒன்றில், இரும்பை ஊற்றுவதற்கான மர அச்சுகளைச் செய்கிறார். அந்தக் கைதான் மாடி அறையில் வயலினும் செய்கிறது. அதுவும் சாதாரண வயலின் அல்ல. பரோக் எனப்படும், ஐரோப்பாவில் முன்னூறு வருடங்களுக்கு முன் வழங்கிய இசைக்கான வயலின். முகவாய்க்கட்டை தாங்கும் பலகை கிடையாது. வில் வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது. தந்திகள் ஆட்டுக் குடலில் திரித்தவை.

"குடல நானே கழுவி, திரிச்சி, காய வச்சது சார். மேல் தந்தி மட்டும் ஒம்போது வாட்டி புட்டுக்கிச்சு. இது பத்தாவது. வேற கெடயாது."

பதினான்கு மாத உழைப்பு. அன்று மாலை ஆறு மணிக்கு, பக்கத்துச் சிற்றாலயத்தில் அதன் முதல் கச்சேரி. இதுவரை ஜன்னல் வழியாகக் கேட்ட தெருக்காரர்களுக்கு முன்னால் அவர் உட்கார்ந்து வாசிக்கப்போவது அதுவே முதல் தடவை. சொல்லும்போது சட்டைக் காலரைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மதியம் 12.30. சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று பெலிக்ஸ் கீழே போனார். நான் சும்மா இருந்திருக்கலாம். தந்திகளை மெல்ல மீட்டி, செல்போனில் சுருதி பார்த்தேன். நான்குமே அரைக் கட்டை குறைவு! கடல் காற்றில் இறங்கிவிட்டது, பாவம், மனிதர் பதற்றத்தில் கவனிக்கவில்லை என்று நானாக முடிவு கட்டினேன். உதவுகிறேன் பேர்வழி என்று தந்தி சுற்றிய பிருடைகளை ஒவ்வொன்றாக முறுக்கி ஏற்றினேன். மூன்று ஏறின. மேல் தந்தி 'டப்' என்று அறுந்தது.

திரும்பி வந்த பெலிக்ஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அரைக் கட்ட எறக்கி வச்சதே நான்தான் சார். இந்தப் பாட்டுக்கு சுருதியே அதான்."

"தெரியாமப் பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க. எங்கிட்ட ஸ்டீல் தந்தி ஒண்ணு இருக்கு."

"ஸ்டீல் போட்டா அது வேற வாத்தியம். வேணாம் சார். ஃபாதராண்ட சொல்லி நிறுத்திடறேன்."

சத்தம் கேட்டு அவர் மனைவி ஸ்டெல்லா மேலே வந்தார். காசிமேட்டுப் படகுகளுக்கு வலை பின்னித் தருபவர். வயலினை வாங்கித் தூக்கிப் பிடித்து, அறுந்த இடத்தைப் பார்த்தார். தந்தி பிருடையின் துளைக்குப் பக்கத்தில், கழுத்தின் முனையில் தந்தியைத் தாங்கும் மேட்டைத் தாண்டித்தான் அறுந்திருந்தது.

"சத்தம் இந்தாண்டதான வருது? அந்தாண்ட இன்னா இருந்தா இன்னா?"

கீழே போய், மீன்வலைக்கான தங்கூசிச் சுருளோடு வந்தார். குடல் தந்தியின் முனையோடு ஒரு சாண் நைலான் இழையைச் சேர்த்து, எச்சில் தொட்டு முடிச்சுப் போட்டு இறுக்கினார்.

"சொறா இஸ்தாலும் அவுறாது. சுத்து."

பெலிக்ஸ் சுற்றினார். முடிச்சு மேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றது. மற்ற மூன்றையும் அவரே பழையபடி இறக்கினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மாலை 6.00. அறுபது பேர் இருப்பார்கள். காலையில் வந்த ஆட்டோக்காரரும் குளித்துவிட்டு வந்திருந்தார். துணைக்குக் கீபோர்டு வாசிப்பவர் ஒரு பொத்தானை அழுத்தி அரைக் கட்டை இறக்கிக்கொண்டார். வெளியே கன்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டு போயின. உள்ளே அந்த வயலின், ஸ்டீல் தந்தியைப் போலக் கூவி அழைக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல ஒலித்தது. கொஞ்சம் கரகரப்பு, நிறைய கனிவு. வேகமான இடங்களில் பெலிக்ஸின் வில் தந்தியைத் தொட்டுத் தொட்டு எழுந்தது. முப்பது வருடம் வாசித்தும் எனக்கு வராத லாகவம் அது. பொறாமைப்படக்கூட எனக்கு நேரமில்லை. நாற்பது நிமிடமும் என் கண் அந்த முடிச்சின்மேலேயே இருந்தது. முடிந்ததும் எல்லோரையும் முந்திக்கொண்டு கைதட்டியவன் நான்தான்.

மாலை 7.10. இரவு எழும்பூரில் எனக்கு ரயில். விடைபெறப் போனபோது பெலிக்ஸை ஜனம் சூழ்ந்துகொண்டு கை குலுக்கியது. வாத்தியத்தோடு தடுமாறியவர், சுற்றிலும் பார்த்துவிட்டு வயலினை என்னிடம் நீட்டினார்.

"ஐயோ, அவுரு கைலயா குடுக்கற?" என்று ஸ்டெல்லா பதறினார்.

"இன்னிக்கு இந்த ராயபுரத்துலயே இத்த ரொம்ப ஜாக்கிரதயா புடிக்கப்போறது அவுருதான்" என்றார் பெலிக்ஸ்.