குழியருகே சொல்லாமல் விட்டது

பத்தாவது வரை மட்டும் படித்த நான் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் வாயால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கோயமுத்தூரில், அவிநாசி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு வீட்டில் ஏழு வருடம் வேலை செய்தேன். வீட்டுக்கார அம்மா அமெரிக்காக்காரர். அங்கே படிக்கப் போன கோயமுத்தூர் என்ஜினீயரைக் கல்யாணம் செய்துகொண்டு, வயதான பிறகு அவரோடு இங்கே வந்தவர். நான் சேரும்போது அவர் கணவர் உயிரோடு இல்லை. கணவரிடம் கற்ற தமிழில் எல்லாவற்றுக்கும் ‘ங்க’ போடுவார். தெரு நாயைக்கூட “போங்க” என்றுதான் விரட்டுவார்.

அம்மா யூதர். ஆனால் சாமி கும்பிடுகிறவர் இல்லை. அமெரிக்காவில் தன் ஊரில் அவருக்கு ஒரு சங்கம் இருந்தது. ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி அங்கே பிழைக்கப் போன யூதத் தையல் தொழிலாளிகள் அந்தக் காலத்தில் ஆரம்பித்ததாம். உறுப்பினருக்கு நோய் வந்தால் வைத்தியம் பார்ப்பார்கள், செத்தால் புதைக்க இடம் கொடுப்பார்கள், வேலைநிறுத்தம் என்றால் கூடப் போய் நிற்பார்கள். இத்திஷ் என்ற அவர்களுடைய வீட்டுப் பேச்சைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அதைப் பேசியவர்களில் பாதிப் பேரை இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரர்கள் கொன்றுவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழரை மணிக்கு லேப்டாப்பில் சங்கம் கூடும். கட்டம் கட்டமாக நரைத்த தலைகள் தெரியும். முதலில் ஒரு பாட்டு. “வாங்க கண்ணு, வந்து எல்லாரையும் பாருங்க” என்று அம்மா கூப்பிடுவார். நான் டீயை வைத்துவிட்டுக் கேமராவில் படாத பக்கமாக நின்றுகொள்வேன்.

ஒரு முறை குப்பை அள்ளும் ஒப்பந்தப் பெண்கள் கூலி கேட்டுத் தெருவோரம் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா குடையை எடுத்துக்கொண்டு என்னோடு ஆட்டோவில் போய் அவர்கள் நடுவே உட்கார்ந்துவிட்டார்.

“ஏனுங்கம்மா, இந்த வெயில்ல கறுத்துப் போயிருவீங்க” என்றாள் ஒருத்தி.

“நாப்பது வருசமுங்க, கோயமுத்தூர்க்காரருக்கு வாக்கப்பட்டு. இன்னும் கறுக்கலைங்களே!”

அந்தக் கூட்டமே சிரித்தது. மறுநாளும் போனோம்.

போன வருடம் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

“கண்ணு, நான் போனா மந்திரம், ஜெபம் ஒண்ணும் வேண்டாமுங்க. எரிக்கவும் வேண்டாம். போர்ல எங்க சனத்தை எரிச்சாங்க, அது போதுமுங்க.”

“அப்புறம் என்னதானுங்கம்மா பண்றது?”

“எங்க சங்கத்துல ஒருத்தர் எந்திரிச்சு நிப்பாங்க. இவ என்ன வேலை செஞ்சா, யாரு கூட நின்னான்னு சொல்லுவாங்க. அவ்வளவுதானுங்க. எனக்கு நீங்க சொல்லோணும்.”

“எனக்கு நாலு பேர் முன்னாடி பேச்சே வராதுங்கம்மா.”

“தக்காளி வெலையை எங்கிட்ட அரை மணி நேரம் பேசறீங்களே!”

சரிங்கம்மா என்றேன். அன்றிரவே காலண்டர் தாளின் பின்னால் நான்கு வரி எழுதிப் பர்சில் வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அம்மா இறந்துபோனார். கணவருடைய தம்பி மகன் பெருந்துறையில் கம்பெனி வைத்திருக்கிறார். நல்ல மனிதர். எரிக்க வேண்டாம் என்று அம்மா அவரிடமும் சொல்லியிருந்ததால், புதைக்க இடம் தேடி அன்று முழுக்க அலைந்தார். சாயங்காலம் கண் சிவந்து வந்து என்னிடம் கேட்டார்.

“ஏனுங்கக்கா, பெரியம்மா கிறிஸ்டியன்தானுங்களே? ஃபாதர்கிட்ட பேசிப்போட்டேன். கல்லறையில இடம் தர்றேன்னுட்டாரு.”

“வெள்ளைக்காரங்கன்னா கிறிஸ்டியன்தானுங்க. இதைப் போய்க் கேக்கறீங்களே!” என்றார் அவர் மனைவி.

“சர்ச்சுக்குப் போய் நான் பாத்ததில்லையே.”

“அவங்களுக்கு முட்டி வலி.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை, யூதர் என்று சொன்னால், அப்படியென்றால் யார் என்று கேட்பார்கள். கிடைத்த இடமும் போய்விடும். அப்படி நினைத்துத்தான் ஆமாம் என்று தலையாட்டினேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த நேரம் ஒன்றுமே நினைக்கவில்லை. வாய் திறக்க வேண்டியிருக்குமே என்ற பயம்தான்.

சனிக்கிழமை புதைத்தார்கள். ஃபாதர் அமைதியாக ஜெபம் செய்தார். அம்மாவை ‘நம் சகோதரி’ என்றார். அவர்மேல் குற்றம் இல்லை. முடித்த பிறகு, “யாராச்சும் ஒரு வார்த்தை சொல்றீங்களா?” என்று கேட்டார். தம்பி மகன் என் பக்கம் திரும்பினார்.

“சொல்லுங்கக்கா. நீங்கதான் கூடவே இருந்தீங்க.”

பர்சைக் கையில்தான் பிடித்திருந்தேன். செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மண் தள்ளச் சொன்னார்கள்.

அந்தத் தாளில் எழுதியிருந்தது இதுதான்: “இவங்களைப் பெத்த அம்மா தையல்காரி. இவங்க சங்கத்துப் பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு இத்திஷ் சொல்லிக்கொடுத்தாங்க. குப்பை அள்ளுறவங்களோட ரெண்டு நாள் வெயில்ல உக்காந்தாங்க. ஏழு வருசத்துல ஒரு நாள்கூட என்னைத் தரையில உக்காந்து சாப்பிட விட்டதில்லை.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாவு செய்தியைத் தம்பி மகன் அம்மாவின் மெயிலில் இருந்த எல்லாருக்கும் முன்பே அனுப்பியிருந்தார். ஏழரைக்கு லேப்டாப்பைத் திறந்து, முதல் தடவையாகக் கேமராவுக்கு நேராக உட்கார்ந்தேன். கல்லறையில் யாராவது எழுந்து பேசினார்களா என்று ஒரு பெண் எனக்குப் புரியும்படி மெதுவான இங்கிலீஷில் கேட்டார். “யெஸ் மேடம், மீ ஒன்லி” என்றேன். அவர்கள் எழுந்து நின்று பாடினார்கள். முடிந்ததும் லேப்டாப்பை மூடி வைத்து, வீட்டுச் சாவியைத் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டு என் ஊர் கருமத்தம்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.